டயாலிசிஸ் வார்டில் சாட்சி சொல்லலாமா?

மார்ச் 5, வாசகர் கேள்வி

அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, போன மாதம் டயாலிசிஸ் ஆரம்பித்திருக்கிறோம். வாரத்துக்கு இரண்டு தடவை, நான்தான் கூடப் போகிறேன். "ஆண்டவர் காரணம் இல்லாமல் இந்தப் பாதையில் நடத்தமாட்டார், அந்த வார்டில் இருக்கிற ஆத்துமாக்களுக்காகத்தான் உங்களை அங்கே வைத்திருக்கிறார், தருணத்தை விட்டுவிடாதீர்கள்" என்கிறார் எங்கள் பாஸ்டர். துண்டுப்பிரதி ஒரு கட்டு கொடுத்திருக்கிறார். அம்மாவின் சாட்சியையும் (ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததை அவரே சொல்வது) சேர்த்து அச்சடிக்கலாம் என்று ஒரு யோசனை. அம்மா எதுவும் பேசமாட்டேன் என்கிறார். எப்படி ஆரம்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 5, இரவு

நானும் டயாலிசிஸ்காரிதான் தம்பி. சில வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். செவ்வாய், வெள்ளி, காலை ஷிப்ட். ரிட்டயர்டு டீச்சர், பாளையங்கோட்டைப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

உங்கள் பாஸ்டர் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டை வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். காரணம் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குக் கையில் இரண்டு ஊசி குத்தியிருக்கும், அல்லது கழுத்தில் குழாய் செருகியிருக்கும், அவருடைய ரத்தம் வெளியே போய் மெஷினுக்குள் சுற்றித் திரும்பிவரும். நாலு மணி நேரம் அவர் எழுந்திருக்க முடியாது. பஸ்ஸில் ஒருவர் பிரசங்கம் பண்ணினால், பிடிக்காதவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம். இங்கே இறங்க முடியாது. கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்காலில் பிடித்து இழுக்கும், பிரஷர் இறங்கும், வாந்தி வரும். அப்போது ஒருவர் வந்து குனிந்து "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? எனக்கே வந்து ஆரம்பித்திருக்கிறார்கள். நான் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் முடித்து, ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். எனக்கே கையில் இருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது.

மார்ச் 6

"அப்போ வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொல்றீங்களா டீச்சர்" என்று ஒருவர். இல்லை. பேதுரு தன் முதல் நிருபத்தை எழுதியதே பாடுபட்டுக்கொண்டிருந்த ஜனங்களுக்குத்தான். அவர் அங்கே சொல்கிற வரிசையைப் பாருங்கள். உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார். முதலில் ஒருவர் கேட்கிறார், அப்புறம்தான் நாம் சொல்கிறோம். நாம் சாந்தத்தையும் விட்டுவிட்டோம், கேட்கிறவரையும் விட்டுவிட்டோம், ஆயத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கட்டுக் கட்டாக அச்சடிக்கிறோம்.

மார்ச் 7

இன்று ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டேன், இப்போதுதான் பார்க்கிறேன். எத்தனை பதில்! ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்போஸ்தலன் பவுலைச் சங்கிலியால் கட்டிக் காவல் காத்த சேவகனும் இறங்கிப்போக முடியாத ஆள்தானே, அவனுக்குப் பவுல் சொல்லவில்லையா, தன் கட்டுகள் அரண்மனை முழுவதும் தெரிந்துபோனது என்று பிலிப்பியருக்குச் சந்தோஷமாக எழுதவில்லையா என்கிறார்.

எழுதினார். ஆனால் சங்கிலியின் எந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? சேவகன் கையில் ஆயுதம் இருந்தது. "சும்மா கிட" என்று ஒரு அதட்டுப் போட அவனால் முடியும். பலம் கேட்கிறவன் பக்கம், பலவீனம் சொல்கிறவர் பக்கம். துண்டுப்பிரதியோடு வார்டுக்குள் வருகிற நல்ல ஆரோக்கியமான சகோதரருக்கு இது அப்படியே தலைகீழ். உங்கள் அம்மா பேசினால் கதை வேறு, அவரும் அதே மெஷினில் கிடக்கிறவர். நீங்கள் அட்டெண்டர் தம்பி. நீங்கள் கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவர் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரையே அளந்து குடிக்கிறார்.

அதே ஊர்க் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பிலிப்பி சிறையில் நடுராத்திரி பவுலும் சீலாவும் பாடினார்கள். பக்கத்துச் சிறையாளிகளைப் பார்த்துப் பாடவில்லை, தேவனைப் பார்த்துப் பாடினார்கள், மற்றவர்கள் காதில் அது விழுந்தது. பூமி அதிர்ந்து கதவெல்லாம் திறந்துபோக, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைக்காரன் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனபோது பவுல் சொன்ன முதல் வார்த்தை, உனக்கு ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்பது. முதலில் உயிரைக் காப்பாற்றினார். அப்புறம் அவனாகத்தான் கேட்டான், நான் என்ன செய்யவேண்டும் என்று. பவுல் பதில் சொன்னார். அன்றைக்குத் தப்பி ஓடியிருந்தால் பவுலுக்கு விடுதலை, சிறைக்காரனுக்குச் சாவு.

மார்ச் 7, மறுபடியும்

"அப்படியென்றால் நீங்களும் வார்டில் பாடலாமே." பாடலாம். எங்கள் சிஸ்டர் (நர்ஸ் சிஸ்டர், சபை சிஸ்டர் இல்லை) விடமாட்டார். என் குரலுக்குப் பூமியதிர்ச்சி வேறு வந்தால் மெஷின் அத்தனையும் அலாரம் அடிக்கும்.

மார்ச் 9

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஆரம்பித்துவிட்டது, எங்கள் வீதியில் சில பேர் கறி விடுகிறார்கள், சில பேர் காபி விடுகிறார்கள். எனக்கு வருஷம் முழுவதும் லெந்து. இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, உப்பு குறைவு, ஊறுகாய் கண்ணால் பார்க்கலாம். அப்படியும் பார்க்க வருகிறவர்கள் இளநீரைச் சீவிக்கொண்டுதான் வருவார்கள், உடம்புக்குக் குளிர்ச்சி என்று. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றே போகலாம் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்து ஓய்ந்துவிட்டேன்.

சொல்ல வந்தது அது இல்லை. இன்று சாட்சி நேரத்தில் ஒரு சகோதரி, கட்டி கரைந்துபோனதைச் சொன்னார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது, நானும் சொன்னேன், மனதாரத்தான். ஆனால் எத்தனை வருஷமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லாச் சாட்சியும் ஒரே இடத்தில் போய்த்தான் முடிகிறது: டாக்டர் கைவிட்டார், ஜெபித்தோம், ரிப்போர்ட் நார்மல். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தேங்குகிற கழிவு) இறங்காதவளுக்கு மைக் கிடையாது. என்னை ஒருமுறை கூப்பிட்டார்கள். "சுகம் கிடைச்சதும் வந்து சொல்லுங்கம்மா" என்றே கூப்பிட்டார்கள். தம்முடைய உடம்பில் ஒரு முள் என்று அவரே சொன்ன உபாதை நீங்கவேண்டும் என்று பவுல் மூன்று தடவை வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கிருபை உனக்குப் போதும் என்று பதில் வந்தது. இந்தக் காலத்துச் சாட்சி நேரத்தில் அவருக்கும் மைக் கிடைத்திருக்காது.

வெளியே இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சுகமானவன் சாட்சி சொன்னால், அவனுக்கு வேலை நடந்தது, அதனால் சொல்கிறான் என்றுதான் அவர்களுக்குப் படும். சுகமாகாதவன் ஏன் இன்னும் கும்பிடுகிறான் என்பதுதான் அவர்களுக்குப் புரியாத விஷயம். அங்கேதான் கேள்வி பிறக்கிறது.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்து என்று யாராவது உங்கள் அம்மாவிடம் சொன்னால், அவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிறுநீரகம் முழுக்க நின்றுபோனவருக்கு மெஷினை நிறுத்தினால் மிஞ்சுவது பெரும்பாலும் நாட்கள்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

மார்ச் 11

அப்படி யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்டதால், எங்கள் வார்டு அண்ணாச்சி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "பேரைப் போட்டுராதீங்க, மத்தபடி எழுதுங்க" என்றார்.

எனக்கு அடுத்த படுக்கை. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். திருச்செந்தூர் முருகன்தான் எல்லாம். ரொம்ப நாள் வணக்கம் சொல்வதோடு சரி. பேச்சு எல்லாம் சாப்பாடு, சம்பந்தி வீடு, எந்த டெக்னீசியன் ஊசியை வலிக்காமல் போடுவார், காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க எங்கே நிற்கவேண்டும் என்றுதான் போகும். ஒரு நாள் திடீரென்று கேட்டார். "டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க இத்தனை வருசமா கும்பிடுதீங்க. உங்க சாமி ஏன் உங்களை இப்படிப் போட்டு வச்சிருக்காரு?"

என்னிடம் பதில் இல்லை. "தெரியலை அண்ணாச்சி" என்றேன். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் இது, இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார், எனக்கும் அவ்வளவுதான் தெரியும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டார், முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஷிப்டில் உட்காருவதற்கு முன்னாலேயே, "யோசிச்சுப் பார்த்தேன் டீச்சர். தெரியலைன்னா அப்புறம் எதுக்குக் கும்பிடுதீங்க?" என்றார்.

அன்றைக்கு நாலு மணி நேரமும் அதுதான் பேச்சு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சிலுவையில் தொங்கின ஒருவர், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரே கதறினவர், அவரிடம் என் வலியைச் சொன்னால் அவருக்குப் புரியும் என்ற தைரியம் எனக்கு இருக்கிறது, அதனால் கும்பிடுகிறேன் என்றேன். "சாமியே அப்படிக் கேட்டுச்சா?" என்று அண்ணாச்சி ஆச்சரியப்பட்டார். அது அவருக்குப் புதுசு. எங்கள் தெருமுனைக் கூட்டங்களில் ஸ்பீக்கர் கட்டி எத்தனை வருஷமாகப் பேசுகிறோம், இந்த ஒரு விஷயம் அவர் காதில் விழவில்லை.

மார்ச் 11, இரவு

ஏற்றுக்கொண்டாரா, ஞானஸ்நானம் எடுத்தாரா என்று கேட்டு ஐந்தாறு பேர். இல்லை. அவர் இன்னும் திருச்செந்தூர்தான். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை.

மார்ச் 12

வரலாற்றுத் திருத்தம் ஒன்று. ஒரு சகோதரர் ஏமி கார்மைக்கேல் வேலூர் ஆஸ்பத்திரியைக் கட்டினார் என்று எழுதியிருக்கிறார். வேலூர் ஐடா ஸ்கடர். ஏமி கார்மைக்கேல் எங்கள் திருநெல்வேலிச் சீமை, டோனாவூர். கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளை 1901இலிருந்து எடுத்து வளர்த்தவர். 1931இல் களக்காட்டில் இருட்டுகிற நேரத்தில் ஒரு பள்ளத்தில் தவறி விழுந்தார், காலும் போச்சு, முதுகும் போச்சு. 1951இல் சாகும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் அறைக்குள்தான். அந்த அறையில் இருந்துதான் நிறைய எழுதினார். ஆரோக்கியமாக இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல் அவருக்கு ஒட்டவில்லை. அதனால் நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுதினார். பாஸ்டர்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

டாக்டர் மேரி வர்கீஸைச் சொன்ன அக்காவுக்கு நன்றி, ஆனால் அவர் எழுந்து நடந்தார் என்பது தவறு. 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, திரும்பவே இல்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் பண்ணி நிமிர்த்தினார். அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார், 1966இல் மறுவாழ்வு நிலையம் வந்தது, 1972இல் பத்மஸ்ரீ. இனி நடக்கவே முடியாது என்று கேட்டுவிட்டுப் படுத்திருக்கிற ஒருவனுடைய கட்டிலருகே டாக்டரே சக்கர நாற்காலியில் உருண்டு வருகிறார் என்று நினைத்துப் பாருங்கள். அவர் சுகமாகி நடந்துவந்திருந்தால் அந்த நோயாளிக்கு அதில் என்ன இருக்கிறது?

மார்ச் 14

கிறிஸ்தவர் அல்லாத ஒரு வாசகர் காட்டமாக எழுதியிருக்கிறார். மனிதன் உடைந்துபோய் இருக்கிற நேரம் பார்த்து வலை போடுகிறீர்கள், ஆஸ்பத்திரி உங்களுக்கு மீன் பிடிக்கிற குளம் என்கிறார். நம் ஆட்கள் அவரை மிதித்துவிட்டார்கள். நான் மிதிக்கமாட்டேன். 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்ததும், 2004 நாடாளுமன்றத் தேர்தலில் அப்போது ஆண்ட அ.தி.மு.க. தோற்ற கையோடு அதைத் திரும்பப் பெற்றதும் நமக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நானும் ஊர்வலம் போனவள். இப்போதும் எதிர்ப்பேன். ஆனால் சட்டம் தப்பு என்பதால் அந்தச் சந்தேகமே தப்பு என்று ஆகிவிடாது. நீ இயேசுவை ஏற்றுக்கொண்டால் சுகம் என்று ஒரு நோயாளியிடம் சொல்வது பேரம். வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியவில்லை. மெஷினில் கிடக்கிறவன் எதற்கும் தலையாட்டுவான், நானே மாந்திரீகம் தவிர எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன், கீழாநெல்லி உட்பட.

அதற்காகப் பேசவே கூடாது என்று அவர் சொல்வதை ஒத்துக்கொள்ளமாட்டேன். அண்ணாச்சி என்னிடம் கேட்டார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் "அதெல்லாம் விடுங்க" என்பது மரியாதை ஆகாது, அவரைச் சின்னப்பிள்ளையாக நடத்துவது.

மார்ச் 15

சரி, விபூதிக் கதை. எழுதினால் அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அண்ணாச்சியின் மகன் திருச்செந்தூர் போய்வந்தபோது எனக்கும் சேர்த்து அர்ச்சனை பண்ணி, பன்னீர் இலை விபூதி கொண்டுவந்தார். அண்ணாச்சி நீட்டினார். "அண்ணாச்சி, நான் பூசமாட்டேன், அது உங்களுக்குத் தெரியும். எனக்காக வேண்டிக்கிட்டது எவ்வளவு சந்தோசம்னு சொல்லத் தெரியலை" என்றேன். அவர் சிரித்தார். "தெரியும் டீச்சர், கொடுக்காம இருக்க மனசு வரலை" என்று தன் பையிலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அவருக்கு ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது) அடைத்துப்போய்த் திரும்ப ஆபரேஷன் என்றார்கள். போவதற்கு முன்னால், "முருகன்கிட்ட சொல்லியாச்சு. உங்க ஆளுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றார். அங்கேயே, அவர் கேட்க, நாலு வரி ஜெபம் பண்ணினேன். பக்கத்தில் அவர் வீட்டம்மா கைகூப்பி நின்றார்கள்.

மார்ச் 15, சற்று நேரத்தில்

அடி விழுந்துவிட்டது. விபூதியை நீட்டியபோதே சத்தியத்தைச் சொல்லிக் கண்டித்திருக்கவேண்டும் என்று ஒருவர், கையில் வாங்கியிருக்கலாமே, என்ன கிறிஸ்தவ அன்பு இது என்று இன்னொருவர். நீங்கள் இருவரும் பேசி முடிவெடுங்கள், நான் இட்லியை வேகவைத்துவிட்டு வருகிறேன்.

மார்ச் 18

இன்று மெஷினில் கிடந்தபோது முந்தைய குறிப்புகளைப் போனில் படித்தேன். கேட்டால்தான் சொல்லவேண்டும் என்று ரொம்ப இறுக்கிப் பிடித்திருக்கிறேனோ என்று தோன்றியது. கேட்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்த ஒரு பெண், சின்ன வயசு, கழுத்தில் குழாயோடு, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கும். அது கேட்கும்வரை காத்திருந்தால் அது கேட்கவே கேட்காது. அதற்காக நான் போய் வசனம் சொல்லவேண்டும் என்று ஆகுமா? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், பேச ஆரம்பித்துத்தான் கெட்டார்கள். இப்போதைக்கு என் மகளிடம் சொல்லி, அந்தப் பெண்ணின் அம்மாவுக்கும் சேர்த்துக் காலைச் சாப்பாடு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா அதிகாலை முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். இது சாட்சியா என்று என்னைக் கேட்காதீர்கள், இட்லி.

மார்ச் 19

ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவைப் பற்றி ஒருவர் எழுதியதற்கு ஒரு வார்த்தை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் பத்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் வண்டியோடு எரித்தார்கள். அந்த அம்மா மன்னித்தேன் என்றார். நாடே திரும்பிப் பார்த்தது. அதை "எவ்வளவு பெரிய தருணம், எப்படிப் பயன்படுத்தினார்கள்" என்று நம் சகோதரர் எழுதுகிறார். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. அவர் மன்னித்தது மன்னிக்கவேண்டியிருந்ததால். யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காக இருந்திருந்தால் கேமரா போனதும் ஊருக்குக் கிளம்பியிருப்பார். அவர் 2004 வரை பாரிபதாவிலேயே தொழுநோயாளிகளோடு இருந்தார்.

மார்ச் 21

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார், சந்தோஷம். அம்மாவின் சாட்சியை அச்சடிக்க அச்சகத்தில் விலை கேட்டுவைத்திருந்தாராம், நிறுத்திவிட்டாராம். அம்மா ஏன் பேசவில்லை என்று இப்போதுதான் அவரிடமே கேட்டாராம். "எனக்கே இன்னும் ஆண்டவர்மேல கோபம் தீரலை, நான் யாருக்கு என்னத்தைச் சொல்ல" என்றாராம் அம்மா. தம்பி பதறிப்போய் எழுதியிருக்கிறார், அம்மாவின் விசுவாசம் போய்விட்டதா என்று.

போகவில்லை. சங்கீதங்களில் கோபமும் நிறைய இருக்கிறது. யாரும் இல்லை என்று நினைக்கிறவர் யார்மேல் கோபப்படுவார்? அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள், பாஸ்டரிடம் இதைச் சொல்லி ஜெபக்குழுவை வீட்டுக்கு வரவழைக்காதீர்கள்.

மார்ச் 22

தம்பியிடமிருந்து இன்னொரு செய்தி. நேற்று வார்டில், ஃபிஸ்துலா போட்டுப் பயந்துபோய் இருந்த பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் இவருடைய அம்மா தானாகவே பேசினாராம். கையை எப்படி வைத்துக்கொள்வது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி போடவோ விடாதே, பாரம் தூக்காதே, டாக்டர் சொன்ன பிறகு பந்தை அமுக்கிப் பழகு என்றெல்லாம். கிளம்பும்போது அந்த அம்மா, "நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று கேட்டாராம். இவர் "ஆமா" என்றாராம். அவ்வளவுதான் நடந்தது. இதைச் சபையில் சொல்லலாமா டீச்சர் என்கிறார் தம்பி.

உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்துப் படுக்கை அம்மாவைப் பற்றி எதையும் சொல்லாதீர்கள், அவர்கள் உங்களுக்கு அனுமதி தரவில்லை. பந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு: மருந்துக் கடைக்குப் போகவேண்டாம், பிள்ளைகள் விளையாடுகிற மெத்தென்ற ரப்பர் பந்தே போதும். இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விடும்.